பதினாலாம் நம்பர் போல்ட்டு

சத்தம்னா எந்தச் சத்தத்தண்ணே கேக்குறீங்க? இருட்டுனதுக்கப்புறம் இந்த வீட்டுல ரெண்டு சத்தம் கேக்கும். ஒண்ணு முன்னாடி போர்ச்சுல நிக்கிற காடி போடுறது. இன்னொண்ணு இந்தப் பின்கதவு போடுறது. ஒங்கள பீடோர்லேர்ந்து கூட்டியாந்தது மொதச் சத்தத்துக்கு. ரெண்டாவது சத்தம் எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. அதுக்கெல்லாம் யாரு மெக்கானிக் கூப்பிடுவா?

வாங்க, உள்ள வாங்க. எண்ணெக் கையோட வந்தாலும் பரவால்ல, இந்தக் குசினிக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. சிலிப்பர வாசல்லயே விட்டுருங்க. பாப்பாவ மட்டும் பார்த்துத் தாண்டி வாங்க, தவழுற வயசு. கையில எது கெடச்சாலும் வாயிலதான். போன வாரம் அவ வாயிலேர்ந்து ஒரு வாஷர எடுத்தேன். எடுத்துக் கொடுத்தா, அடடா, இதத்தானே ரெண்டு நாளா தேடுறோம்னு என் வீட்டுக்காரரு யுவா தொடச்சி வாங்கிக்கிட்டாரு. பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

கோப்பி போடவா? சீனி கம்மியா? சரி. அந்த நாக்காலி வேணாம்ணே, கிரீஸ். இதுல ஒக்காருங்க.

அண்ணே, ஒங்க பெட்டியில டிரில் இருக்குல்ல? பார்த்தேன். இல்ல, சும்மாதான் கேட்டேன். மொதல்ல கோப்பி குடிங்க.

கதையா? கதையெல்லாம் ஒண்ணும் பெருசில்ல. அந்தக் காடி எங்க மாமனாரு ஓட்டுன பழைய கஞ்சில் காரு. அவரு போனதுக்கப்புறம் சித்தியவான்ல கொட்டாயில கெடந்துச்சு. அத இங்க இழுத்தாந்தாங்க. ஜப்பான்ல காடிய பாதியா அறுத்து, முன்பாதிய மட்டும் கப்பல்ல ஏத்தி விடுறாங்கல்ல, ஹாஃப்கட்டு, அந்தக் கடையிலேர்ந்து ஒரு டர்போ இஞ்சின் வந்துச்சு. பழையத எறக்கி இத ஏத்தப்போறோம்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு. மூணே சனிக்கிழம, முடிஞ்சிரும்னாரு. இது ஏழாவது மாசம்ணே. நான் பாப்பாவ ஒம்பது மாசத்துல பெத்துட்டேன், அதுவும் தனியா. இவங்க மூணு பேரு.

ரூபன் அண்ணன் இருக்காரே, குட்டையா தாடி வச்சிக்கிட்டு, அவருதான் தலைவரு. ஸ்க்ரூடிரைவர இஞ்சின் மேல வச்சி, பிடிய காதுல வச்சிக் கேப்பாரு, டாக்டர் மாதிரி. கண்ண மூடிக்குவாரு வேற. தேவன் சின்னவன், ஃபோன்ல வீடியோ பார்த்துப் பார்த்துச் சொல்லுவான். வீடியோக்காரன் ரஷ்யாக்காரன், இவனுக்கு ஒரு வார்த்த புரியாது, ஆனா தலைய ஆட்டிக்கிட்டே பாப்பான். யுவா, இந்த ரெண்டு பேரு சொல்றதையும் கேட்டுக்கிட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது செய்வாரு.

சமையல் மேசையில இஞ்சினப் பிரிச்சாங்க. பாப்பா குளிக்கிற பேசின்ல பிஸ்டன் குளிச்சுது. பிஸ்டன்ல போற பின்னு இறுக்கமா இருக்கு, குளுந்தா சுருங்கும்னு என் ஃப்ரீசர்ல வச்சாங்க. சரியா? நீங்களும் அப்பிடித்தான் செய்வீங்களா? சரிண்ணே, முறை சரியா இருக்கட்டும். ஆனா கெம்போங் மீன் பக்கத்துல வச்சிட்டுச் சொல்லாம போனா? மீன்னு நெனச்சி மொளகாத்தூள் பெரட்டிட்டேன். யுவா அதக் கழுவிட்டுத்தான் மாட்டுனாரு. இன்னிக்கும் அந்த இஞ்சினுக்குள்ள கொஞ்சம் மொளகா இருக்கும்.

இருங்க, பாப்பா வாசப் பக்கம் போறா. தூக்கிட்டு வந்துர்றேன்.

ஆ, சொல்லுங்க. ஒண்ணும் இல்ல, ஒங்க சிலிப்பர எடுத்துட்டா. வச்சிட்டேன்.

எங்க விட்டேன்? பூச. இஞ்சின் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழம அதுக்குச் சந்தனம் வச்சி, குங்குமம் வச்சி, பூ போட்டாங்க. என்னத்தான் சூடம் கொளுத்தச் சொன்னாங்க. கான்வென்ட்ல பதினோரு வருஷம் படிச்சவ, இஞ்சினுக்குச் சூடம் காட்டுறேன். எங்க சிஸ்டர் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ. எனக்கு இஞ்சின் மேல கோவமில்லண்ணே, கும்புட்டேன். நல்லபடியா ஓடிரு சாமி, என் மேச எனக்கு வேணும்னு மனசார கும்புட்டேன்.

அந்த ராத்திரிதான் மழ. முன்பக்கம் போர்ச்சுல சங்கிலி போட்டுத் தூக்குனா உத்தரம் வளையுதுன்னு, இஞ்சின பின்வாசல் வழியா ஆளுங்களாத் தூக்கிச் சுத்திக் கொண்டு போறோம்னாங்க. கதவுல சிக்கிக்கிச்சு. அர இன்ச்சு பத்தல. என்ன கழட்டுனா அர இன்ச்சு கெடைக்கும்னு பாத்தாங்க. அதோ, அங்க வெள்ளையா தெரியுதுல்ல மரம், அங்கதான் தாழ்ப்பாள் இருந்துச்சு. தாழ்ப்பாளயும் பிடுங்கி, சட்டத்துலயும் ஒரு துண்டப் பேத்துட்டாங்க. அஞ்சே நிமிசம் தங்கச்சி, ஏத்திட்டு வந்து மாட்டிருவேன்னாரு ரூபன் அண்ணன். அதோட விட்டாங்களா? இஞ்சின் சுத்தாம பிடிச்சிக்கிட்டு முறுக்க ஒரு கம்பி வேணும்னு, அந்தத் தாழ்ப்பாள் கம்பியவே இஞ்சின் சக்கரத்துப் பல்லுல சொருகிப் பிடிச்சாங்க. வில்லு மாதிரி வளைஞ்சி போச்சு. இஞ்சினும் ஏறல, திரும்ப இந்தக் கதவு வழியாவே குசினிக்குள்ள வந்துருச்சு.

இந்தக் கதவுக்குப் பூட்டு கெடையாதுண்ணே. பழைய தோட்டத்து லயத்த இடிச்சிட்டுக் கட்டிக் கொடுத்த வீடு, கதவு மட்டும் அந்தக் காலத்துது. தாழ்ப்பாள் ஒண்ணுதான். பின்னால பாத்தீங்கல்ல, வேலி இல்ல, ரப்பர் மரம் இருந்த எடம், இப்ப வெறும் காடு. இவரு ஃபேக்டரியில மாசத்துல ரெண்டு வாரம் ராத்திரி ஷிஃப்டு. எட்டு மணிக்குப் போனா காலையில ஏழரைக்குத்தான் வருவாரு. இன்னிக்கும் எட்டு மணிக்குப் போகணும். கேஸ் தோங்கு சிலிண்டர நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் படு, ஒண்ணும் வராதுன்னாரு.

சொல்லாம இருப்பேனா? மூணு வாரம் சொன்னேன். நானே கடையில போயி புதுத் தாழ்ப்பாள் வாங்கியாந்தேன், இந்தா, இந்த டிராயர்லதான் இருக்கு, பிளாஸ்டிக்கு கூடப் பிரிக்கல. நானே மாட்டியும் பாத்தேன். மரம் இத்துப்போயி ஸ்க்ரூ நிக்க மாட்டேங்குது. தள்ளி வேற ஓட்ட போடணும். டிரில் கேட்டா இஞ்சினுக்கு வேணும்பாங்க. டிரில் சும்மா இருக்குற நேரத்துல இவங்க சும்மா இருப்பாங்க. நாளைக்குலா, நாளைக்குலா.

அப்புறந்தான் அந்தச் செவ்வாய்க்கிழம. நான் பாப்பாவோட நடு ரூம்ல படுத்திருந்தேன். கேஸ் தோங்கு சிமெண்டுல தேயிற சத்தம் தெரியுமா ஒங்களுக்கு? கர்ர்ருன்னு ஒரு ஜாண் நகர்ந்துச்சு. நின்னுச்சு. இன்னும் ஒரு ஜாண்.

காலையில சொன்னேன். முசாங்கு வந்திருக்கும், மரநாயிக்கு மீன் வாசம் போதும்னாரு யுவா. தேவன் விழுந்து விழுந்து சிரிச்சான். கான்வென்ட்டுப் பேயி பின்வாசல் வழியா வருது அண்ணி, இங்கிலீஷ்ல பேசிப் பாருங்கன்னான். ரூபன் அண்ணன் மட்டும் சிரிக்கல, ஏன்னா அவரு காதுல ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் இஞ்சின ஒருவழியா காடிக்குள்ள எறக்கி ஒக்கார வச்சாங்க. போல்ட்டெல்லாம் கையால முறுக்கி விட்டுட்டு, நாளைக்கு இறுக்கிக்கலாம், பசிக்குதுன்னு சாப்பிடப் போனாங்க.

அண்ணே, இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க கீழ படுத்து டார்ச்சு அடிச்சீங்க. ரொம்ப நேரம் ஒரே எடத்துல அடிச்சீங்க. அப்புறம் எழுந்து கையத் தொடச்சிக்கிட்டு என்னப் பாத்தீங்க. என் கைய, அப்புறம் மூஞ்ச. அப்புறம் மூணு பேரையும் கேஸ்கெட்டு வாங்கிட்டு வாங்கன்னு ஈப்போவுக்கு அனுப்பிட்டீங்க. கேஸ்கெட்டு வேணாம்ல? வேணாம்னு எனக்கும் தெரியும். அதான் கோப்பியே போட்டேன்.

பின்பக்கம் இஞ்சினத் தாங்குற மௌண்டிங்கு, அதுக்கு அடியில இருக்குற போல்ட்டு. பதினாலாம் நம்பர் ஸ்பேனர். ஏழு மாசம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கேன், நம்பர் தெரியாதா எனக்கு? படுத்துக் கைய விட்டேன், சுலபமா வந்துருச்சு. இவங்க என் கதவுல ஒண்ணு எடுத்தாங்க, நான் இவங்க காடியில ஒண்ணு எடுத்தேன், அவ்வளவுதான் கணக்கு. தாழ்ப்பாள மாட்டுற அன்னிக்குத் திருப்பிப் போட்டுரலாம்னு மைலோத் தூள் டின்னுக்குள்ள வச்சேன். இல்லாதத யாராவது பாப்பாங்க, கேப்பாங்க, பேசிக்கலாம்னு பாத்தேன். இவங்க பாக்கல. மத்ததெல்லாம் இறுக்கிட்டு ஸ்டார்ட்டு பண்ணிட்டாங்க.

அது அப்பிடி இடிக்கும்னு எனக்கு எப்பிடிண்ணே தெரியும்? டொக்கு டொக்குன்னு, ஏதோ உள்ளேர்ந்து ஆளு தட்டுற மாதிரி. எனக்கே பயமாயிருச்சு. ரூபன் அண்ணன் காதுல வச்சிக் கேட்டுட்டு, பேரிங்குன்னாரு. திரும்ப மொத்த இஞ்சினையும் எறக்கி, பிரிச்சி, பேரிங்கு மாத்தி ஏத்துனாங்க. அந்த மௌண்டிங்குல மட்டும் ஓட்ட ஓட்டையாவே இருக்கு, ஒருத்தரும் பாக்கல. டொக்கு டொக்கு. அப்ப தேவன் சொல்றான், இது ஜப்பான்ல எவனோ அடிபட்டுச் செத்த காடி, அவன்தான் உள்ள இருந்து தட்டுறான்னு. பூசணிக்கா சுத்தி ஒடைச்சாங்க. அதுக்கும் நான்தான் சூடம் காட்டுனேன். சிரிப்ப அடக்கி அடக்கி வயிறு வலிச்சுதுண்ணே. எனக்கு முசாங்கு, இவங்களுக்கு ஜப்பான்காரன். சரியாப் போச்சுல்ல.

பொய்யா? நான் எங்கண்ணே பொய் சொன்னேன்? ஒருத்தராவது, பிரமிளா நீ ஏதும் எடுத்தியான்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சிஸ்டர் அப்பிடித்தான் வளத்தாங்க.

காடிய அப்பிடியே ரோட்டுல எடுத்திருந்தா? அதையும் யோசிச்சேன்ணே, யோசிக்காம இருப்பேனா? சத்தம் இருக்குற வரைக்கும் கேட்டுக்கு வெளிய விடமாட்டாங்கன்னு தெரியும். அப்பிடியே எடுத்தா, காடிக்கு முன்னால போயி நின்னு சொல்லிருப்பேன். சத்தியமா.

சிரிக்கிறீங்க. சிரிங்க. மணி ஆறரை ஆவுது. தாழ்ப்பாள் இந்தா. ஸ்க்ரூ நீளமா வாங்கியிருக்கேன், பாருங்க போதுமான்னு. அந்தப் பேந்த எடத்துக்கு மேல போடலாமா? நீங்களே பாத்துப் போடுங்க. நான் பாப்பாவப் பிடிச்சிக்கிறேன், சத்தத்துக்கு அழுவா.

...

எவ்வளவு நேரமாச்சு? பத்து நிமிசம் கூட ஆகல. இதுக்குத்தான் எத்தன வாரம்ணே.

இந்தாங்க மைலோ டின்னு. கைய உள்ள விடுங்க, அடியில இருக்கும். அதேதான். கொஞ்சம் மைலோ ஒட்டியிருக்கும், தொடச்சிக்குங்க. மொளகாவே போயிருக்கு உள்ள, மைலோ போனா என்ன? நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்குங்க. ரூபன் அண்ணன் மட்டும் நம்பமாட்டாரு, நான் கேட்டது பேரிங்குதான்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு.

சரி, வெளிய போயி நின்னு தள்ளிப் பாருங்க. நான் உள்ளேர்ந்து போடுறேன். சிலிப்பர மாட்டிக்குங்க. ஆமா, குப்புறக் கெடக்கு. பாப்பா இல்லண்ணே, நாந்தான் திருப்புனேன். தப்பா எடுத்துக்காதீங்க, இந்த வீட்டுக்கு யாரு வந்தாலும் அடியத் திருப்பிப் பாத்துருவேன். ரூபன் அண்ணன், தேவன், கேஸ்காரரு, தபால்காரரு, எல்லாருதும் பாத்தாச்சு. ஒங்களுது கோடு கோடா இருக்கு. நான் தேடுறது வட்ட வட்டமா, நடுவுல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும்.

எங்க பாத்தேனா? இங்கதான். நீங்க நிக்கிற எடத்துக்கு உள்பக்கம், ஒரு அடி தள்ளி. இஞ்சின் இங்க கெடந்தப்ப எண்ணெ ஒழுகிக்கிட்டு இருந்துச்சு, செவ்வாய்க்கிழம ராத்திரிக்கு மறுநாள் காலையில அதுல ஒரு தடம் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு, வலது காலு. என் கால அதுக்குள்ள வச்சிப் பாத்தேன், ரெண்டு விரல் எடம் மிச்சம். முசாங்கு சிலிப்பர் போடுமா அண்ணே?

அந்த நேரத்துல என்ன செஞ்சேனா? ஏங்க எழுந்திரிங்க, ரூபன் அண்ணே நீங்களும் வாங்கன்னு, வீட்டுல யாரும் இல்லாம கத்துனேன். ஸ்பேனர் தட்ட எடுத்துத் தரையில போட்டேன். தோங்கு நின்னுச்சு. விடியிற வரைக்கும் பதினாலாம் நம்பரக் கையில பிடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

தொடச்சிட்டேன். அதான் தப்பு பண்ணிட்டேன். பாப்பா அந்தப் பக்கம் தவழ்ந்து போனா, யோசிக்காம டெட்டால் போட்டுத் தொடச்சிட்டேன். அப்புறம் வாயால சொன்னா யாரு நம்புவா? நம்பிட்டாலும் ஒரு தொல்ல, அத்த வந்து என்னையும் பாப்பாவையும் சித்தியவானுக்கு ஏத்திட்டுப் போயிருவாங்க. அப்புறம் வீடு பூரா இவங்களுக்கு ஒர்க்‌ஷாப்பு.

இல்லண்ணே, நீங்க யுவாகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. ஆனா சொல்றதா இருந்தா போல்ட்டையும் சேத்துச் சொல்லிருங்க. ஒண்ண விட்டுட்டுச் சொன்னா இன்னொண்ணு புரியாது.

காடி சத்தம் கேக்குது, அவங்களாத்தான் இருக்கும். போங்க, வெளிய போயி நில்லுங்க. போட்டுட்டேன். தள்ளுங்க.

இன்னும் கொஞ்சம் பலமா. தோளக் கொடுத்துத் தள்ளுங்கண்ணே.

ம். நல்லா நிக்கிது.

இல்லண்ணே, இப்பத் தெறக்கல. முன்பக்கமா சுத்திப் போயி அவங்களோட நில்லுங்க. கொஞ்ச நேரம் இது இப்பிடியே இருக்கட்டும்.