ஒரு பெயரைத் தவிர

அன்று காலை கம்ப்யூட்டர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் கிளெமென்ட். நோயாளிகளின் விவரங்களைப் பதியும் ஐரின். மனைவியைப் புதைத்து மூன்று நாளாகியிருந்த அகரத்து உடையப்பன். இரவுப்பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான்.

நான் கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவன். ஆனால் வேலை தெரியும். 2008இல் எங்கள் மருத்துவமனை ஓர் இலவச டேட்டாபேஸில் ஓடியது. அதில் தகவலைச் சேமிக்கும் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, நாமே எழுதியதை மாட்டலாம். பழையது ஒவ்வொரு நோயாளியையும் ஒரே வரியில் வைத்தது. நான் எழுதியது பெயர்களை ஒரு கோப்பிலும், ஒத்துக்கொள்ளாத மருந்துகளை இன்னொரு கோப்பிலும் வைத்தது. பத்தாவது பெயருக்குப் பத்தாவது மருந்து. மாத அறிக்கை இருபது நிமிடத்திலிருந்து நான்கு நொடிக்கு வந்தது.

ஒருநாள், இருமுறை பதிவாகியிருந்த ஒரு பெயரை நீக்கும்போது கரண்ட் போனது. பெயர் நீங்கிவிட்டது, மருந்து நீங்கவில்லை. கீழே இருந்த எல்லாருக்கும் முந்தையவருடைய மருந்து வந்து சேர்ந்தது. அய்யலூர் சந்தையில் ஆடு விற்கும் நாச்சிமுத்து சீட்டோடு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பு, பென்சிலின் ஆகாதுன்னு போட்டிருக்கு. எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும். ஆட்டுச் சீட்டை மாத்திக் குடுத்துட்டீகளா?"

சிரித்தேன். அவருடையதை மட்டும் திருத்தினேன். பழைய முறைக்குத் திரும்ப ஒரே கட்டளை போதும். ஆனால் அந்த வாரம்தான் டேட்டாபேஸை உருவாக்குபவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதியிருந்தேன்: ஒரு மருத்துவமனையில் எட்டு மாதமாகப் பிழையின்றி ஓடுகிறது என்று. பதில் வரட்டும் என்று இருந்தேன்.

பட்டியலில் நாச்சிமுத்துவுக்கு முந்தைய பெயர் அய்யம்மாள். அதை அப்போதே பார்த்தேன்.

ஐந்தாம் நாள் அந்த அய்யம்மாள், உடையப்பனின் மனைவி, காலில் மண்வெட்டி பட்டு வந்தார். சீட்டில் ஆகாத மருந்து 'இல்லை' என்றிருந்தது. ஊசி போட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்றே பழைய முறைக்கு மாறினேன். நாலாயிரத்துச் சொச்சம் பேரையும் சரிசெய்தேன். அய்யம்மாளுக்கு மட்டும், கொடுத்த சீட்டோடு ஒத்துப்போக, மீண்டும் 'இல்லை' என்று எழுதினேன். அவர் இறந்துவிட்டார். இனி அவருக்கு அதனால் கெடுதல் இல்லை.

அன்று காலை அந்த அறையில் உடையப்பன் ஐரினைப் பார்த்துக் கேட்டார். "பென்சிலின் ஆகாதுன்னு ரெண்டு தடவ சொன்னேனே தாயி. நீயும் தலையாட்டுனியே."

"டைப் அடிச்சேண்ணே. மாதா மேல சத்தியமா அடிச்சேன்."

"அப்ப எங்கம்மா அது?" டாக்டர் திரையைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, மிஷின் தானா மாத்துமா?"

"என்ன அடிக்கிறமோ அதான் டாக்டர் இருக்கும்."

ஐரின் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் தூங்கும்போது இன்றும் அந்தப் பார்வை வருகிறது.

இனி அவளை உள்ளே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் உடையப்பனை அழைத்துக்கொண்டு போனார். ஐரின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். நான் அவளுக்குப் பின்னால் வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். என் வேலையில் எதையும் நான் சரிபார்க்காமல் விட்டதில்லை.