மேட்டில் மட்டும் வரும் சத்தம்

மத்தியானம் இரண்டரை மணி. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று உங்களுக்கு யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை... மலையேறும் சாலை. பதினொரு வளைவு. வழியில் ஒரு கடை கிடையாது, ஒரு ஆள் கிடையாது. தார் உருகுகிற வாசனை மட்டும்.

அந்தச் சாலையில் ஒரு பழைய பிக்கப் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் என்னோடு வேலை பார்த்தவனுடைய பெரியப்பா. மெக்கானிக். காதுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். எங்கே என்ன கோளாறு என்று புட்டுப் புட்டு வைப்பார். அதில் அவருக்குத் தாங்க முடியாத கர்வம். பெண்டாட்டி பேசுவது மட்டும் அந்தக் காதில் விழாது என்று ஒர்க்‌ஷாப்பில் கிண்டல் செய்வார்கள்.

வண்டி மச்சானுக்காக, அதாவது பெண்டாட்டியின் தம்பிக்காக வாங்கியது. வேலை வெட்டி இல்லாத தம்பி வாடகைக்கு ஓட்டியாவது பிழைக்கட்டும் என்று அக்காக்காரி கெஞ்சி வாங்க வைத்தாள். அந்த வண்டியில் ஒரு கோளாறு. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். பாரத்தோடு மேடேறினால் எஞ்சினிலிருந்து டிக்... டிக்டிக்... தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல. பிங்கிங் என்பார்கள். பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் பிஸ்டன் போய்விடும். அவர் கார்பனைச் சுரண்டினார், பிளக் மாற்றினார், பெட்ரோல் பற்றுகிற டைமிங்கை மயிரிழை பின்னால் தள்ளினார். பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி.

பின்னால் தகரக் கூண்டு. ஓட்டுகிறவர் முதுகுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தகரம். உள்ளே மண் மூட்டைகளை அடுக்கி, சரியாமல் பிடித்துக்கொள்ள மச்சானையும் ஏற்றினார். ஆட்டத்தில் கதவு திறந்துகொள்ளும் என்று வெளியே தாழ்ப்பாள் போட்டார். கூண்டுக்கு நேர் கீழே, புகைக்குழாயில் ஒரு விரிசல். காலையிலேயே அதைப் பார்த்திருந்தார்.

“மாமா, புகை உள்ள வருது.”

“முதல்ல சத்தத்தைப் பாப்போம். புகையை அப்புறம் பாத்துக்கலாம்.”

நாலாவது வளைவில் ஆரம்பித்தது. டிக்... டிக்டிக்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சத்தம் வேகமானது. இன்னும் மிதித்தார். இன்னும் வேகமானது. பிங்கிங் அப்படித்தான் செய்யும். தலையைச் சாய்த்து, ரசித்துக் கேட்டுக்கொண்டு, டைமிங்கை இன்னும் எவ்வளவு தள்ளலாம் என்று யோசித்தபடி ஓட்டினார். படுபாவி, ஒரு தடவை நிறுத்தியிருக்கலாம். ஒன்பதாவது வளைவில் சத்தம் தளர்ந்தது. டிக்... கொஞ்சம் கழித்து இன்னொரு டிக்... அப்புறம் இல்லை. பரவாயில்லை, தானாக அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

உச்சியில் தாழ்ப்பாளை எடுத்தார். புகை நெடி முகத்தில் அடித்தது. மச்சான் மூட்டைகள் மேல் குப்புறக் கிடந்தான். இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் இல்லை. முன்பக்கத் தகரமெல்லாம் ரத்தம். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. காலையில் அவர் பார்த்த வேலையிலேயே அது சரியாகியிருந்தது.

பெட்ரோல் நனைத்த துணியால் தகரத்தைத் துடைத்துவிட்டுத்தான் அவர் ஆளைக் கூப்பிட்டார். கையில் மூட்டை சரிந்து அடிபட்டது என்றார். அக்காக்காரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவன் தட்டலையா?”

“தட்டியிருந்தா என் காதுக்குக் கேக்காதா?”

அவள் நம்பினாள். அந்தக் காதை நம்பாதவர்கள் யார்?

வண்டியை விற்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள், தம்பியின் வண்டி. குழாயை மாற்றி இவரே ஓட்டினார். காலி வண்டிதான். நாலாவது வளைவில் டிக்... டிக்டிக். எஞ்சினை மூன்று தடவை பிரித்துப் பார்த்தார். நல்ல பெட்ரோலாகப் பார்த்து ஊற்றினார். சத்தம் போகவில்லை. அந்த மேட்டில் மட்டும் வந்தது.

தம்பி செத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவள் பிடிவாதம் பிடித்தாள். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நாலாவது வளைவு. அவள் திரும்பித் தகரத்தைப் பார்த்தாள்.

“என்னங்க சத்தம் இது?”

“பிங்கிங். எஞ்சின் சத்தம்.”

“அன்னைக்கும் இப்படித்தான் கேட்டுச்சா?”

தொழில் விஷயத்தில் அவருக்குத் தப்பாகச் சொல்ல வராது. வாய் முந்திக்கொண்டது.

“இல்ல, அன்னைக்கு இதைவிட வேகம். மிதிக்க மிதிக்க...”

அங்கேயே பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் அழவில்லை. உச்சி வரைக்கும் உள்ளங்கையை அந்தத் தகரத்தில் வைத்தபடியே வந்தாள்.

மறுநாள் இரண்டரை மணிக்கு அதே உச்சியில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. புதுக் குழாயில் பழைய இடத்திலேயே விரிசல். கூண்டுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே காதுக்காரர். அவள் காலையிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டவும் தெரியாது.

விஷயத்தைச் சொல்லப் போனவர்களிடம் அவள் கேட்டது இதுதான்: “தட்டினாராமா?”

தட்டவில்லை. விரல் முட்டியில் ஒரு கீறல் கிடையாது. இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். செத்த பிறகும் அந்தக் கைகளைப் பிரிக்க முடியவில்லை... ஆனால் தகரத்தில் புதிதாகப் பள்ளங்கள் இருந்தன. வரிசையாக, விரல் முட்டி அளவில். எல்லாமே ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்திலிருந்து தட்டியவை.