முதல் கவளம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் பால் நல்ல பால். போலீஸ் ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சார். நீங்களும் குடியுங்கள். அவசரமில்லை, நிதானமாகவே சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மூஸா. வலங்கைமான் பக்கம் வீடு. எங்கள் ஆட்கள் கல்யாணங்களில் பிரியாணி ஆக்கும் பண்டாரி நான். சாரங்கபாணி ஐயா தேர்தலில் ஜெயித்த விருந்துக்குச் சமைக்கப் போனேன். ஒரு நாள் வேலை என்று மனைவி கமருன்னிஸாவிடம் சொல்லிவிட்டுப் போனவன், வீடு திரும்பப் பதினாறு வருஷம் ஆயிற்று.

ஐயாவை உங்களுக்குத் தெரியும். ரைஸ்மில்காரர். சுற்றுவட்டாரத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் ஏற்றும் லாரிகள் எல்லாம் அவருடையவை. வாலிபத்தில் சிவப்புக் கொடி பிடித்தவர், மாஸ்கோவுக்கு ஒருமுறை போய் வந்தவர். கொடியைப் பிற்பாடு மாற்றிக்கொண்டாலும் ரஷ்யக் கதைகளை விடவில்லை. சாப்பாட்டு மேசையில்தான் அவை வரும்.

"ராஜாவ எது கவுத்துச்சுன்னு நெனைக்கிற மூஸா? ரொட்டிக்கு வரிசையில நின்ன பொம்பளைங்க ஆரம்பிச்சு வச்சது அது. அப்புறம் வந்தவங்க அத மறக்கல. கேட்ட தானியத்தக் குடுக்காத கிராமத்துக்கு உப்பு, தீப்பெட்டிகூடப் போகாம நிறுத்திட்டாங்க. அறுத்த வயல்ல கதிர் பொறுக்குனவனயும் உள்ள தள்ளுனாங்க" என்பார்.

செத்தவர்களைப் பற்றியும் சொல்வார், லட்சக்கணக்கில். குரலில் பதற்றம் இருக்காது. ஒரு பண்டாரி இன்னொரு பண்டாரிக்கு மசாலா அளவு சொல்வதைப் போல இருக்கும். அந்த அளவை அவர் இங்கேயும் போட்டுப் பார்த்தார். ஓட்டுப் போடாத ஊருக்கு லாரி போகாது. அவ்வளவுதான். யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல் அறுத்த நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கும், மழை வரும், நெல் முளைத்துவிடும்.

மாஸ்கோவில் ஆண்ட ஒரு தலைவர், கூட இருப்பவர்கள் தின்று காட்டாமல் எந்தத் தட்டையும் தொடமாட்டாராம். ஐயாவுக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். விருந்தன்று என் பிரியாணியைப் பார்த்துவிட்டு, "மொதல்ல நீ சாப்புடு" என்றார். சாப்பிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சாப்பிட்டுவிட்டு, "இனிமே நீ இங்கதான்" என்றார். எனக்குக் குவைத் விசா வந்திருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அது அவர் பீரோவிலேயே காலாவதியாகிப் போயிற்று. அரபு நாட்டில் முதலாளிகள் அப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு உள்ளூரிலேயே நடந்தது.

அன்றிலிருந்து மூன்று வேளையும் நானே சமைத்து, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் கவளத்தைச் சாப்பிட வேண்டும். அவர் பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டி முடிக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் சோற்றில் கை வைப்பார். வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாது, வேறு எங்கும் கை நனைக்க முடியாது. கமருன்னிஸா வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போவாள், ஜெயிலில் மனுப்போட்டுப் பார்ப்பதைப் போல.

நோன்பு மாதம்தான் தாங்க முடியாது. முதல் வருஷம் கேட்டுப் பார்த்தேன். "ஐயா, பகல்ல நாக்குல மட்டும் வச்சுப் பாத்துட்டுத் துப்பிடறேங்க."

"துப்பிட்டா எனக்கு எப்படித் தெரியும்? முழுங்கு" என்றார்.

விழுங்கினேன். ஊரே நோன்பு பிடித்திருக்க நான் மட்டும் ஒவ்வொரு பகலும் விழுங்கினேன். அழுதிருக்கிறேன், சார். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு மரியாதை இருந்தது. ஐயா பேப்பர் புரட்டும் நேரத்தில் அவரிடம் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான். அது வெளியே தெரிந்துவிட்டது. கொல்லைப்புறத்தில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நிலம் இருக்கிறவர்களும் வந்தார்கள், தோளில் கிடந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. சிலருக்காகப் பேசுவேன், சிலருக்காகப் பேசமாட்டேன். குத்தகைக்குப் பயிர் செய்யும் காத்தாயி என்ற பெண் ஒருமுறை வந்தாள்.

"மழ கட்டிக்கிட்டு வருது பாய். எங்க ஊருக்கு ஒரு லாரி அனுப்பச் சொல்லுங்க. நீங்க சொன்னா நடக்குமாமே. சோத்துக்கு ருசி பாக்குற ஆளு கையில எங்க பொழப்பு இருக்கு பாருங்க" என்றாள்.

அன்றைக்கு ஐயா நல்ல மனநிலையில்தான் இருந்தார். ஆனால் நான் சொல்லவில்லை. கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. அவள் நெல் மொத்தமும் முளைத்துப் போனது. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். லாரிகள் ஐயாவுடையவை. அந்தப் பாவம் அவரைத்தான் சேரும்.

போன வருஷம் ஐயாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் போய் டயாலிசிஸ். சாப்பாட்டை எப்படிச் சமைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கொட்டாவிட்டால் காயிலிருக்கும் சத்தே அவருக்கு விஷம், இதயம் நின்றுவிடும் என்றார். மற்றவர்களுக்கு அது உடம்புக்கு நல்லது. நான் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் வடித்துக் கொட்டினேன். அவர் உயிரோடு இருந்தது என் கையால்தான்.

பிறகு மகன் அரவிந்தன் சிங்கப்பூரிலிருந்து வந்துசேர்ந்தார். அப்பாவின் இடத்துக்கு அவர் என்று கட்சியில் பேச்சு. ஒரு நர்ஸையும் கூட்டி வந்தார். சமையலையும் அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளுமாம். "என்னப்பா பழக்கம் இது? இந்தக் காலத்துல யாரு வெஷம் வைக்கப் போறா?" என்று சிரித்தார். ஐயா பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னப் புடிச்சு வச்சது தப்புதான் மூஸா. வீட்டுக்குப் போ. இந்த நோன்பயாவது ஒழுங்கா புடி."

வீட்டுக்குப் போனேன். கமருன்னிஸா மீன்குழம்பு வைத்திருந்தாள். ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஒன்னும் ஆவாதுங்க, சாப்புடுங்க" என்று அழுதாள். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. மறுநாள் கடைத்தெருவில், எப்போதும் எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறவர்களே என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

அதனால் திரும்பிப் போனேன். புது ஆளுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன், ஒரு வாரம் இருக்கிறேன் என்று ஐயாவிடம் கேட்டேன். சந்தோஷமாகச் சரி என்றார். நர்ஸைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி உட்காரவைத்துவிட்டு நானே சமைத்தேன். எதையும் நான் சேர்க்கவில்லை, சார். ஒன்றைக் கொட்டாமல் விட்டேன், அவ்வளவுதான். அவள் பார்க்காத நேரத்தில் காய் வெந்த தண்ணீரைக் குழம்பிலேயே ஊற்றினேன். "இன்னிக்குக் கொழம்பு நல்லாருக்கே" என்றார் ஐயா. வழக்கம்போல முதல் கவளம் என்னுடையதுதான். வாரம் முடிவதற்குள் அவர் இதயம் நின்றது. டாக்டர்கள் இந்த நோய்க்கு இது சகஜம் என்றார்கள். நான் வராமலிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்காது.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். பதினாறு வருஷம் அடைத்து வைத்தார். என் நோன்பை எடுத்துக்கொண்டார். காத்தாயி போன்றவர்களுக்கும் ஒரு நியாயம் கிடைக்க வேண்டாமா? இவற்றை இதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். என் விடுதலைக்காகத்தான் செய்தேன். சாரங்கபாணி ஐயாவை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், சார். காரியமெல்லாம் முடிந்துவிட்டது, அரவிந்தன் தம்பி இப்போது அதே மேசையில்தான் சாப்பிடுகிறாராம். அவர் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்?