மோந்து பார்க்காமல் எழுதிய வரி

விடியற்காலை ஐந்து பத்து. கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலை. குடிகாடு வருவதற்கு ஒரு மைல் முன்னால் ஒரு மதகு. இந்தப் பக்கம் கருவேலங்காடு, அந்தப் பக்கம் உப்பு பூத்த பொட்டல். வீடு கிடையாது. கடை கிடையாது. காற்று கம்பெனிப் பக்கமிருந்து அடித்தால் அழுகின முட்டை நாற்றம். கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாடு. ஆனால் அந்த மதகடியில் மட்டும்... காற்று எங்கிருந்து அடித்தாலும் சுக்கு வாசனை.

மெழுகுவத்தியைக் கொஞ்சம் நடுவில் தள்ளி வையுங்கள். தானே புயல் அடித்துப் பன்னிரண்டு நாளாகிறது, கரண்ட் வந்தபாடில்லை. தூக்கம் யாருக்கு வரப்போகிறது? தட்சிணாமூர்த்தி மாமா, கொஞ்ச நேரம் முன்னால் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். சாயங்காலம் புறவழிச் சாலையில் லாரி அடித்துப் போட்ட சைக்கிள்காரரைப் பற்றி. "குடிச்சிட்டுப் போயிருப்பான்" என்றீர்கள். அதற்காகத்தான் இந்தக் கதை. கோபமாகத்தான் சொல்கிறேன், கேளுங்கள்.

நடந்தது என் சிநேகிதன் இளவரசுவின் சித்தப்பாவுக்கு. தில்லைநாதன் என்று பெயர். குடிகாட்டில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை. அவர் மனைவி அமிர்தத்தின் தம்பி அருள்மொழிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. மாமனும் மச்சானும் முதல் ஷிப்டுக்கு ஐந்து மணிக்குச் சைக்கிள் எடுத்தால் ஒன்றாகத்தான் போவார்கள். அருள்மொழிக்கு வீசிங் உண்டு. அதனால் அவன் அம்மா சின்னம்மாள் நாலரை மணிக்கே எழுந்து சுக்கு தட்டிக் காப்பி போட்டுக் கொடுப்பாள். அதைக் குடித்துவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பான். பீடி கிடையாது, பாக்கு கிடையாது. சாராயக் கடை இருக்கிற தெருவைக்கூட விட்டுச் சுற்றிப் போகிற பிள்ளை.

2010, ஆடி மாதம். தில்லைநாதனுக்குக் காய்ச்சல். "நீ போ மச்சான், நான் நாளைக்கு வரேன்" என்றார். அவன் தனியாகப் போனான். மதகடியில் ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது.

நம்முடைய சாலை விதி உங்களுக்குத் தெரியாததா? ஹார்ன் அடித்தால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்க வேண்டும். தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு ஓரம் ஒரு முழம் உயர்ந்து கிடக்கிறது. இறங்கினால் விழுவான், இறங்காவிட்டால் சாவான். இரண்டில் எதைச் செய்தாலும் தப்பு அவனுடையதுதான்.

ஸ்டேஷனில் ரைட்டர் சடையப்பன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். மதகடியில் ஜீப்பை விட்டு இறங்கினார், நாலடி தள்ளி நின்றார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். குனிந்து அந்தப் பையன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வரி எழுதினார். 'மது அருந்திய நிலையில் சைக்கிளைத் தாறுமாறாக ஓட்டி, அடையாளம் தெரியாத வாகனத்தின் குறுக்கே வந்து...' அவ்வளவுதான். முடிந்தது வழக்கு.

பிள்ளை போனதைச் சின்னம்மாள் தாங்கினாள். அந்த வரியைத்தான் தாங்க முடியவில்லை. தெருக் குழாயடியில் ஒருத்தி, "குடிச்சிட்டுப் போய் உழுந்தானாமே" என்றாள். சின்னம்மாள் குடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தில்லைநாதன் வீட்டுக்கு வந்தாள். "மாப்ள, எம் புள்ள உசுர நீங்க கொண்டாந்து குடுக்க வேணாம். அந்த எழுத்த மட்டும் அழிச்சிக் குடுங்க" என்றாள்.

தில்லைநாதன் ஸ்டேஷனுக்கு நடந்தார். எத்தனை நடை என்று அவருக்கே கணக்கில்லை. "சாட்சி இருக்கா? வண்டி நம்பர் இருக்கா? வந்துட்டான்" என்று விரட்டினார் சடையப்பன். கடைசியில் கார்த்திகை மாதம், அருள்மொழியின் சைக்கிளை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

தில்லைநாதன் அந்தச் சைக்கிளுக்குப் புது ரிம் போட்டார், வளைந்த முன் போர்க்கை நிமிர்த்தினார். எல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர. பெடல் ஒரு சுற்று வந்தால் செயின் கவரில் ஒரு தரம் இடிக்கும். டக். இன்னொரு சுற்று. டக். அதை மட்டும் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியவில்லை. தன் சைக்கிளை விற்றுவிட்டு அதையே ஓட்டினார்.

அப்புறம் வீடியோ எடுக்கிற சைனா செட் போன் ஒன்று வாங்கினார். பழைய டியூபை நாடாவாகக் கிழித்து அதை ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினார். தினம் வீட்டு வாசலிலேயே பட்டனை அழுத்திவிடுவார். கம்பெனிக் கேட் வரைக்கும் படம் ஓடும்.

"என்னா தில்ல, சினிமா புடிக்கிறியா? ஈரோயினி எங்க?" என்று கேட்டில் கிண்டல் பண்ணினார்கள்.

"இன்னொருத்தன் செத்தா சாட்சி இருக்கணும்ல" என்பார் அவர்.

ஒருநாள் ஒரு பஸ் அவரை உரசிக்கொண்டே போய் மண்ணில் தள்ளியது. நம்பரோடு படம் இருந்தது. முழங்கையில் ரத்தத்தோடு ஸ்டேஷனுக்குப் போய்க் காட்டினார். சடையப்பன் சிரித்தார். "ஒனக்கு ஒன்னும் ஆவலல்ல? ஆனப்புறம் வா." வயிறு எரியாதா? சொல்லுங்கள்.

ராத்திரி சாப்பிட்டதும் அந்தக் குட்டித் திரையில் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். தை மாதம் ஒரு நாள் மதகடியில் ஏதோ வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. உடைத்த பூசணிக்காய். குங்குமம் குழைத்த பூசணிக்காய், இருட்டில் பார்த்தால்... வேண்டாம், அதைச் சொல்லவில்லை. மாசியிலும் அதே இடத்தில் அதே மாதிரி. தேதியைப் பார்த்தார். இரண்டும் அமாவாசை.

பூசணிக்காய் எங்கே உடைப்போம்? கடை வாசலில். முச்சந்தியில். அது வழுக்கி எவன் மண்டை உடைந்தாலும் நமக்குக் கவலையில்லை, நம் வண்டிக்குக் கண் படக்கூடாது! சரி, ஆள் அரவமே இல்லாத மதகடியில் எவன் வந்து உடைக்கிறான்? எதற்கு உடைக்கிறான்?

தில்லைநாதனுக்குப் புரிந்துவிட்டது. உயிரை எடுத்த வண்டிக்குத் தோஷம். அதைக் கழிக்க வருகிறான். செத்தவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லை, வண்டிக்கு மட்டும் மாதம் தவறாமல் திருஷ்டி கழிக்கிறான்.

பங்குனி அமாவாசை. நாலு மணிக்கே போய்விட்டார். மதகுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தார். பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். போன் சாலையைப் பார்த்திருந்தது. பட்டனை அழுத்திவிட்டுக் கருவேலம் புதருக்குள் போய் உட்கார்ந்தார். கொசு. இருட்டு. தவளைகூடக் கத்தவில்லை.

நாலே முக்காலுக்கு ஒரு வேன் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு நின்றது. ஒருத்தன் இறங்கினான். பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினான். அந்த வெளிச்சத்தில் முகம் தெரிந்தது.

சேரன். அவர்கள் கம்பெனியின் ஷிப்டு வேன் ஓட்டுகிறவன். அருள்மொழி எழவுக்கு முதல் ஆளாக வந்தவன். பாடையில் முன் பக்கம் தோள் கொடுத்தவன்! சின்னம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போவக் கூடாதாம்மா அவன்" என்று அழுதவன்.

தில்லைநாதன் எழுந்து பாய்ந்து அவன் குரல்வளையைப் பிடித்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் கோபம் கொதிக்கிறது... ஆனால் கால் எழும்பவில்லை. தொண்டையில் சத்தம் வரவில்லை. யாரோ தோளை அழுத்திப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்ததாம். மூக்கு முட்டச் சுக்கு வாசனை.

சொத்தென்று பூசணிக்காய் உடைந்தது. வேன் கிளம்பியது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

சத்தம் தூரமாகப் போனது. தில்லைநாதன் திரும்பிப் பார்த்தார். சைக்கிள் மதகுச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

படத்தைப் போட்டுப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை. விடிந்ததும் நேராக ஸ்டேஷன். சடையப்பன் நைட் டூட்டி முடிகிற எரிச்சலில் இருந்தார். போனை வாங்கி மேசைமேல் வைத்து ஓட்டினார். சைனா செட்டாயிற்றே, ஒரே கருப்பு. நடுவில் நெருப்பு மட்டும் மூன்று தரம் சுற்றியது. சொத்து.

"நெருப்புதான்யா தெரியுது. மூஞ்சி எங்க? நம்பர் எங்க? பூசணிக்கா ஒடைக்கறது ஒரு குத்தமா? போய் வேலயப் பாரு."

அணைக்கக் கையை நீட்டினார். அப்போதுதான் படம் அசைந்தது.

மதகுச் சுவர் பின்னால் போனது. சாலை ஓட ஆரம்பித்தது. டக்... டக்... டக்... முன்னால் வேனின் சிவப்பு விளக்கு. அது கிட்டே வருகிறது. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. இருட்டில் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருகிற போன், அந்த நம்பரை மட்டும் பட்டப்பகலில் எடுத்த மாதிரி காட்டுகிறது. வேன் வேகம் எடுக்கிறது, சைக்கிளும் வேகம் எடுக்கிறது. டக்டக்டக்டக்... டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சேரன் திரும்புகிறான். முகம் திரை முழுக்க.

அப்புறம் மூச்சுச் சத்தம். நெஞ்சில் சளி கட்டினவன் இழுக்கிற மூச்சு.

"சேரண்ணே... நான் ஊதுறேன். மோந்து பாரு."

ஊ... என்று ஒரு நீளமான ஊதல்.

"சாராய வாட வருதா?"

"இல்லடா... இல்ல அருளு... வரலடா சாமி..."

"அப்ப போயி சொல்லு."

படம் நின்றது. போன் அணைந்தது. அதன்பிறகு அந்தப் போன் எரியவே இல்லை. ஸ்டேஷன் முழுக்கச் சுக்கு வாசனை. வெளியே நின்ற சென்ட்ரிகூட உள்ளே எட்டிப் பார்த்து, "யாருக்கு சார் சுக்குக் காப்பி?" என்று கேட்டானாம்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சேரன் வந்தான். செருப்பு இல்லை. வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். "நாந்தான் சார் அடிச்சேன். தூக்கத்துல அடிச்சிட்டேன். அவன் ஓரமாதான் போனான்" என்றான். கையை எடுக்கச் சொன்னார்கள். ஊதின பக்கம் கன்னம் வெந்திருந்தது. வெந்நீர் பட்ட மாதிரி இல்லை... கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் காப்பியை முகத்தில் ஊற்றின மாதிரி.

வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். சேரன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் ஏறியது. 'மது அருந்திய நிலையில்' தப்பு என்று சடையப்பனே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் நகலைத் தில்லைநாதன் சின்னம்மாளுக்குப் படித்துக் காட்டினார். மூன்று தரம் படிக்கச் சொன்னாளாம். மறுநாள் விடியற்காலை சுக்கு தட்டுவதை நிறுத்தினாள். பிள்ளை செத்து எட்டு மாதமாக, நிறுத்தாமல் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சடையப்பனைப் போன வருஷக் கடைசியில் இங்கே மாற்றிவிட்டார்கள். சிதம்பரத்துக்கு. இன்றைக்குச் சாயங்காலம் புறவழிச் சாலைக்கு வந்தது அவர்தான். நான் அங்கேதான் நின்றேன். சுற்றி நின்ற கூட்டத்தில் நாலு பேர், மாமா, நீங்கள் சொன்னதையேதான் சொன்னார்கள். குடிச்சிருப்பான், குடிச்சிருப்பான். ஒருத்தனும் கிட்டே போகவில்லை. சடையப்பன் போனார். தொப்பியைக் கழற்றினார். ரத்தத்தில் முழங்காலை ஊன்றினார். செத்தவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். இங்கே வந்த நாள் முதல் எல்லாப் பிணத்துக்கும் அப்படித்தான் செய்கிறார் என்று கான்ஸ்டபிள் சொன்னார்.

பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பக்கத்தில் நின்றது நான்தான்.

"தம்பி, நீ கொஞ்சம் குனிஞ்சி பாரேன்" என்றார். "எவன மோந்தாலும் எனக்குச் சுக்கு வாசனதான்யா வருது. ஒனக்கு வருதா?"

குனிந்தேன்.

வந்தது.