பத்து மணிவரை

தேர்தல் நாளில் மழை பெய்தால் எங்கள் சனம் வீட்டைவிட்டு வெளிக்கிடாது. அன்று நல்ல வெயில். மேயர் டொலறஸ் இரண்டாம் முறையும் வெல்ல அதுவே பாதிப் பலம் என்று நினைத்தேன்.

கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்கள் வேலை முடிந்து வந்து பின்னேரம்தான் வாக்குப் போடுவார்கள். முன்பொரு தேர்தலில் இடையில் ஒரு செத்த வீடு வந்தது. அவ்வளவு பேரும் அங்கே போய்விட்டார்கள், எங்கள் ஆள் தோற்றார். வீடு வீடாகத் தட்டித் தேய்ந்தவன் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த முறை, வாக்குப்பதிவன்று பின்னேரம் நோட்டீஸ் எடுக்க வந்த என் தம்பி றூபன், நெஞ்சைப் பிடித்தபடி சோபாவில் சரிந்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"அண்ணை, மூச்சு விட ஏலாமல் கிடக்கு. அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ."

உங்களுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது, ஐயா. வாசலில் அம்புலன்ஸ் நின்றால் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் படம் போய்விடும். றூபன் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவன். அவனுக்கு ஒன்றென்றால் பங்குச் சனம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். லண்டனின் மறுகோடியில் இருக்கிற ஹவுன்ஸ்லோச் சொந்தங்கள்கூட ஷிப்டை விட்டுவிட்டு வரும். வாக்குப் போட ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள்.

"கூப்பிட்டிட்டன். வாறாங்கள்" என்றேன். தண்ணீர் பருக்கினேன். தலைக்குக் கீழே தலையணை வைத்தேன். அவனுடைய போனை எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன். பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் மனைவி றூபினி போனில் அழைத்தாள். "களைச்சுப்போய் நித்திரை கொள்ளுறான். நீ போய் வாக்கைப் போடு பிள்ளை" என்றேன். போட்டாள்.

இரவு பத்து மணிக்கு வாக்குச்சாவடி மூடியது. உடனேயே அம்புலன்ஸை அழைத்தேன், ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. வந்தவர்கள், உயிர் போய் வெகுநேரம் என்றார்கள்.

டொலறஸ் நூற்றுக்கும் குறைந்த வாக்குகளால் வென்றார். மேடையில் அழுதுகொண்டே, "இந்த வெற்றி எங்கடை றூபனுக்கு" என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. உழைத்த என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

றூபினி என்னைக் கொலைகாரன் என்கிறாள். அவனைச் சாக விட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு அப்படியொரு கைதட்டலை வாங்கிக் கொடுத்தவனும் நான்தானே.