மேட்டில் காத்திருந்தவர்

மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் கால்தான் வலிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கால் அப்புறம்தான். முதலில் வலிப்பது கழுத்து. மேடு எங்கே முடிகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே மிதிப்பதால் வருகிற வலி. சாய்மானம் உள்ள நாற்காலியாகப் பார்த்துப் போடச் சொன்னீர்களே ஐயா, அதற்கு நன்றி. இப்படி உட்கார்ந்தால் நிதானமாகப் பேசலாம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கிற தொழில். பொறுமை தானாக வந்துவிடும். புது பிரேமின் மேல் உட்கார்ந்துவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம்கூட நான் குரலை உயர்த்தியது கிடையாது. ஏதோ ஆத்திரத்தில் உளறுகிறேன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செத்துப்போனவர் என் சகலை. என் மனைவியின் தங்கை கணவர். லிப்ட் மெக்கானிக். "ஊரையே மேல தூக்கி விடறவன் நான். ஆனா நடுவுல மாட்டிக்கிட்டாத்தான் என் ஞாபகம் வருது எல்லாருக்கும்" என்பார். நூறு தடவை கேட்ட நகைச்சுவைதான். இருந்தாலும் அவர் சொன்னால் சிரிப்பு வரும். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் என் பிள்ளைகள் அவர் தோளில் ஏறிக்கொள்ளும். நானும் சிரித்திருக்கிறேன். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

சைக்கிள் பழக்கம் முதலில் என்னுடையது. சர்க்கரை ஏறுகிறது, உடம்பை அசைக்காவிட்டால் மாத்திரையோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். விடியற்காலையில் ஊருக்கு வெளியே கல்குவாரிச் சாலையில் தனியாகப் போய் வருவேன். யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். நாலைந்து மாதம் அப்படிப் போயிற்று. பிறகு மாமனார் சகலையிடம் சொன்னார்: "அவர் ஒத்தையா போறாரு மாப்ள. நீங்களும் கூடப் போங்க. ஒரு துணையா இருக்கும்."

ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு அவர் வந்தார். சில வாரங்களிலேயே என்னைத் தாண்டிவிட்டார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. லிப்ட் குழிகளில் ஏணி ஏறி இறங்கிய தொடைகள் அவருடையவை, நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தவை என்னுடையவை. ஆனால் தாண்டிப் போனவர் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். அவர் நின்றார். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவா வாங்க சகலை. மேடு எங்கயும் ஓடிப் போயிடாது."

ஒருவருக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று யோசித்திருக்கிறீர்களா ஐயா? இவர் நம் அளவுக்கு இல்லை என்று முடிவு கட்டிய பிறகுதானே காத்திருக்கவே முடியும். நான் வீடு திரும்பியதும் என் மனைவி கதவைத் திறந்து, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். "அவர்தான் கொண்டுவந்து விட்டாரா?" என்று கேட்பாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைக் கேட்பதுபோல. மாமனார் எல்லோர் முன்னாலும் சொல்வார்: "சின்ன மாப்பிள்ளை இருக்கற வரைக்கும் பெரியவரப் பத்திக் கவலையே இல்ல." மூத்த மருமகன் நான்.

பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பொறாமைப்பட அவரிடம் என்ன இருந்தது? எனக்குச் சொந்தக் கடை, சொந்த வீடு. அவருக்கு வாடகை வீடு, கிரீஸ் படிந்த நகங்கள்.

அவர் செத்த அந்த மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன். மறுநாளே அவரும் கொடுத்தார். மலையைச் சுற்றி ஒரே பெரிய சுற்று. பாதை என்று சொல்கிறார்களே தவிர பாதை கிடையாது, கற்கள்தான். உருண்டை, கூர், வழுக்கல், காலை வைத்தால் கூடவே உருள்வது என்று எல்லா ரகமும் உண்டு. தொடங்கும் இடத்தில் நான் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

"இன்னைக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. எனக்காக எங்கயும் நிக்காதீங்க."

"ஏன் சகலை, என் மேல எதாவது கோவமா?"

"சேச்சே. என் ரேஸை நானே ஓட்டிப் பாக்கணும்னு ஒரு ஆசை."

அவர் என் கையைப் பிடித்தார். "அவ்வளவுதானே? சத்தியமா நிக்க மாட்டேன்."

நான் அதை நம்பினேன். சத்தியம் என்ற சொல்லுக்கு நான் மதிப்பு வைத்திருக்கிறவன்.

அன்று நன்றாக ஓட்டினேன். கற்கள் கைப்பிடி வழியாக எலும்புக்குள் ஏறின. விரல்கள் மரத்துப்போய், பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஓரத்தில் ஒருவர் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வளைந்துபோன சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அழுதபடி நடந்தார். அவர்களையெல்லாம் நான் கடந்து போனேன். வாழ்க்கையில் முதன்முறையாக மனிதர்களைக் கடந்து போனேன். முதல் மேட்டின் உச்சியில் யாருமில்லை. இரண்டாவதிலும் யாருமில்லை. அந்த வெற்று உச்சிகளைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சகலை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நெஞ்சு நிறைந்தது. அந்த ஒரு காலைப்பொழுதில் அவரை நான் உண்மையாகவே நேசித்தேன்.

கடைசி ஏற்றத்தில் மிதிக்க முடியாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பாதி தூரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். உச்சியில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் பாறையில், கையில் திறந்த பாட்டில். சட்டையில் வியர்வை காய்ந்து உப்பு பூத்திருந்தது. அவ்வளவு நேரமாக நிற்கிறார். எத்தனையோ பேர் அவரைக் கடந்து போயிருப்பார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். அவரும் பதில் சொல்லியிருப்பார்.

"கோச்சுக்காதீங்க சகலை, மனசு கேக்கல. இறக்கம் ரொம்ப மோசமா இருக்குன்னாங்க. சேந்தே போயிடலாம்."

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். நன்றி சொன்னேன். நான் நன்றி சொன்னதை நீங்கள் மறக்கக் கூடாது.

அதன்பிறகு அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலயே வரேன். இன்னைக்கு நீங்கதான் எனக்கு முன்னால முடிக்கணும். அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

அக்கா என்றால் என் மனைவி. இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். நான் ஜெயிப்பது எப்படி என்று, எனக்குத் தெரியாமல், நல்லெண்ணத்தோடு.

"வேணாம், நீங்களே முன்னாடி போங்க" என்றேன்.

அந்த இறக்கத்தில் இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் கற்சரிவு, அதற்குக் கீழே முட்புதர். அவர் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாகப் போனார். நான் வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் விழுந்தார் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அது தவறில்லை, விழத்தான் செய்தார். நான் சுவரோரமாக வேகமெடுத்து அவர் பக்கத்தில் போனேன். நான் முந்த வருகிறேன் என்று அவர் சரிவுப் பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார். அப்போது என் வலது முழங்கையை அவருடைய கைப்பிடியின் இடது முனையில் வைத்தேன். தள்ளினேன் என்று சொல்ல மாட்டேன். வைத்தேன். சைக்கிள் போகிற வேகத்தில் அதுவே போதும். அவர் முன்சக்கரம் திரும்பிக் கல்லில் முட்டியது, சைக்கிளோடு கற்சரிவில் போய் விழுந்தார்.

நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அவர் தொடை, மூட்டே இல்லாத இடத்தில் மடிந்திருந்தது. கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது. நான் நினைத்ததைவிட வெள்ளையாக இருந்தது.

"கல்லு தட்டிடுச்சு சகலை" என்றார். என் முழங்கை அவர் நினைப்பிலேயே இல்லை. நான் அப்படிச் செய்யக்கூடியவன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் சொன்னார்: "நீங்க போங்க. உங்க டைம் போயிடும். கீழ யார்கிட்டயாவது சொல்லிட்டு நீங்க போய்க்கிட்டே இருங்க."

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சை அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் ஆள் கூப்பிட்டிருப்பேன்.

மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்க, அவரை ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இழுத்துப் போனேன். நிழலுக்குக் கொண்டுபோகிறேன் என்று நினைத்து, நல்ல காலால் உந்தி அவரும் உதவினார். இரண்டு சைக்கிளில் அவருடையதை மட்டும் உருட்டி மறைத்தேன். அதற்குள் மேலே சக்கரச் சத்தம் கேட்டது. அவர் கத்த வாயைத் திறந்தார். நான் உள்ளங்கையால் மூடினேன். பல் டாக்டரம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஓட்டுவார். அவர்தான் பாதையில் நின்றார். பாறைக்கு மேல் என் தலை மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"என்னாச்சு சார்?"

"ஒன்னுமில்ல, ஒதுங்க வந்தேன்."

அவர் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏறும்போது கீழ இருந்து பாத்தேன், உங்க சகலை மேல உங்களுக்காக நின்னுட்டிருந்தாரே, எங்க அவரு?"

"முன்னாடி போயிட்டாரு."

"தங்கமான மனுஷன். நீங்க குடுத்து வெச்சவரு சார்."

அவர் போகிற சத்தம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. சகலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் முழுக்கப் புரியவில்லை. நான் அவர் கண்ணாடியைக் கழற்றினேன், கடையில் செய்கிற மாதிரி இரண்டு கையாலும், காதுமடலில் உரசாமல். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான். பிறகு தாடைக்கு அடியில் ஹெல்மெட் பட்டையை அவிழ்த்தேன். காற்றோட்டத்துக்காக என்று எண்ணியிருப்பார். தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.

பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டு கையாலும் தூக்கும்படியாக ஒன்றை எடுத்தேன். முதல் அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் கைகள் மேலே வந்தன. என்னைத் தடுக்க வரவில்லை, முகத்தை மூடிக்கொள்ள வந்தன. விரல்களோடு சேர்த்து அடிக்க வேண்டியதாயிற்று. நொறுங்குகிற சத்தம் மாறி, சேற்றில் போடுகிற சத்தமாக ஆகும்வரை அடித்தேன். மூச்சு வாங்கியது. நடுவில் ஒருமுறை நின்று இளைப்பாறினேன்.

பிறகு ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிப் பட்டையைப் போட்டேன். கல்லையும் சைக்கிளையும் சரிவில் தள்ளினேன். அவரையும் தள்ளினேன். மிச்சத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு பந்தயத்தை முடித்தேன். முடிக்காமல் விட்டால் சந்தேகம் வருமே என்றுதான் முடித்தேன்.

மறுநாள் அவர் உடலை முட்புதரிலிருந்து எடுத்தார்கள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. மலையில் விழுந்தவர் மண்டை உடைந்து செத்தார், அவ்வளவுதான். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஏன் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாமனார் ஒரே கதையைச் சொன்னார்: "பெரிய மாப்பிள்ளைக்காகத் திரும்பிப் பாத்துக்கிட்டே எறங்கியிருக்காரு. அதுலதான் நிலைதடுமாறிட்டாரு. கடைசி வரைக்கும் அவருக்காக நின்ன உசுரு." பல் டாக்டரம்மா வந்து, ஆமாம், மேட்டில் அவர் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று அழுதார். பந்தயம் நடத்தியவர்கள் அந்த உச்சியில் அவர் பெயரைக் கல்லில் செதுக்கி வைக்கப் போகிறார்களாம். பின்னால் வருகிறவருக்காக நின்றவர் என்று அதில் எழுதுவார்களாம். இனி அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும், யார் அந்தப் பின்னால் வந்தவர் என்று கேட்பார்கள்.

நேற்று என் கொழுந்தியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல மாமா. உங்களுக்காக நிக்கறதுன்னா அவருக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றாள்.

அதைக் கேட்டபிறகு எப்படிச் சும்மா இருப்பது?

வந்து சொன்னால் நீங்கள், "அதிர்ச்சியில இருக்கீங்க சார், வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்கிறீர்கள். நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். இதோ அவர் கண்ணாடி. விழுந்து செத்தவரின் கண்ணாடி கீறல் இல்லாமல் என் பையில் எப்படி இருக்கும்? ஹெல்மெட்டையும் எடுத்துப் பாருங்கள். மண்டை உடைந்த இடத்தில் அது உடைந்திருக்காது.

இப்போது எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது. அவர் எனக்காக நின்றோ, திரும்பிப் பார்த்தோ விழவில்லை. அந்த நிமிஷத்தில் என் முன்சக்கரம் அவருடையதைவிட அரைச் சக்கரம் முன்னால் இருந்தது. நான் அவரை முந்திய பிறகுதான் அவர் விழுந்தார். முதல் வரியாக அதை எழுதுங்கள் ஐயா. கல்லைப் பற்றி அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.