எண்பத்து மூன்றாம் எண் மூடி

காலையில் எழுந்தால் வலது முழங்கால் மடங்காது. பத்து வயதில் ரப்பர்ப் பால் வாளி தூக்கத் தொடங்கிய கால். பிறகு நாலு வருஷம் தோட்டத்துக் கேட்டில் நின்ற கால். உட்கார்ந்தபடியே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

நீங்கள் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் பெலிம்பிங்வரை வந்தது அலமாரியில் இருக்கும் அந்தப் புட்டிக்காக என்று தெரியும். வெள்ளைக்காரர்கள் பங்களாக்களைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய வாசனைப் புட்டிகளுக்கு இப்போது ஆள் தேடி வருகிறது. மற்ற முப்பத்தொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீலக் கண்ணாடி, ரப்பர்ப் பந்தை அமுக்கினால் பீச்சுவது, மீன் மாதிரி செய்தது, எல்லாம். அந்த ஒன்றை மட்டும் தர முடியாது. ஏன் என்று கேட்டீர்கள். கேட்டதற்குச் சொல்கிறேன்.

கையில் எடுத்துப் பாருங்கள். கனம் தெரியும். பிரான்ஸ் தேசத்துப் பளிங்குக் கண்ணாடி, முதல் உலகச் சண்டைக்கு முந்தியது. கழுத்துக்குக் கீழே ஊசியால் கீறியதுபோல் 83 என்று இருக்கும். மூடியின் தண்டிலும் அதே 83. இந்த வகையில் மூடியை அந்தந்தப் புட்டிக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றில் சரியாக உட்காராது. ஜோடி பிரிந்தால் இரண்டும் வெறும் கண்ணாடி. உங்களுக்குத் தெரியாததா.

ஜப்பான்காரன் வந்தபோது துரை குடும்பத்தோடு ஓடினார். லயத்து வீடுகளில் இருந்த கூலி ஜனம் பங்களாவுக்குள் புகுந்து அரிசி, போர்வை, செருப்பு என்று அள்ளியது. நான் துரைசாணியின் குளியலறைக்குத் தண்ணீர் சுமந்தவள். நேரே அவள் கண்ணாடி மேசைக்குப் போனேன். புட்டியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். மூடி மட்டும் தரையில் கிடந்தது. மோந்தேன். ஒட்டுப்பால் நாற்றத்தில் பிறந்து அதிலேயே சோறு தின்றவளுக்கு அது என்ன என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. சண்டைக் காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு அந்த மூடியை மோந்துகொண்டு படுப்பேன்.

புட்டி மஸ்தான் பாயிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கோலசிலாங்கூர் கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருந்த நாகூர்க்காரர். யாரோ இரண்டு படி அரிசிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அவரும் என்னைப்போல் புட்டிப் பைத்தியம். எந்தக் கண்ணாடி எந்தத் தேசம், எந்தக் காலம் என்பதெல்லாம் எனக்கு அவரிடம் வாயடித்துத் தெரிந்துகொண்டதுதான். சம்பளத்தன்று அத்தர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார்.

"மூடியக் குடுத்துரு நாகமணி. என்ன வேணும்னாலும் கேளு."

"புட்டியக் குடுங்க பாய். நீங்களும் என்ன வேணும்னாலும் கேளுங்க."

"தலை உங்கிட்ட, முண்டம் எங்கிட்ட. ரெண்டு பேரும் ஒரே பொணத்துக்குப் பேரம் பேசுறோம்லா."

ஆறு வருஷம் இதே பேச்சு. இரண்டு பேரும் இறங்கவில்லை. பகையும் இல்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன அத்தர்ப் புட்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் குறைந்த விலைக்கு மறுபடி நிரப்பித் தருவார். நிரப்பும்போதெல்லாம் அரத்தால் கண்ணாடியில் ஒரு கோடு போடுவார். ஆளுக்கு ஓர் இடம். பக்கத்து வீட்டுக் கங்காவுக்குப் புட்டியின் தோளில், எனக்கு அடிவிளிம்பில். "புத்தகம் எதுக்கு? கண்ணாடியே பேர் சொல்லும்" என்பார். ஒருவர் புட்டியை மற்றவரோடு மாற்றியதில்லை.

பிறகு அவசரகாலம். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போகக்கூடாது என்று தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு ஒரே கேட் வைத்தார்கள். பால்வெட்டப் போகும் பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டும். எங்களை வேலை வாங்கும் மண்டோர் என் பெயரைச் சொன்னார். கத்தியை வைத்துவிட்டு நின்றபடி சம்பாதிக்கும் வேலை. வேண்டாம் என்பேனா. டப்பா, பொட்டலம், புட்டி எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு.

ஐம்பத்திரண்டில் கலாவதி என்று ஒரு பால்வெட்டுக்காரி மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். ஒட்டுப்பால் நாற்றம் தாங்கவில்லை என்று என்னிடம் வந்தாள். என் அத்தர்ப் புட்டியில் கால்வாசி ரோஜா மிச்சமிருந்தது. கொடுத்தேன். மூன்று கோடு போட்ட புட்டி. சில நாள் கழித்துக் கேட்டில் அது அவள் இடுப்புச் சொருகலில் தட்டுப்பட்டது.

"மரத்துக்கு மணம் பூசப் போறியாடி?"

"கொமட்டுதுக்கா. ஒரு வாட்டி மோந்தாத்தான் வாளியத் தூக்க முடியுது. நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பிடுங்கியிருப்பேன். நாற்றம் என்றால் நான் இளகுவேன் என்று அவளுக்குத் தெரியும். ரோஜாவுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. ஆஸ்பத்திரி வாடை. என் மூக்கு சொல்லத்தான் செய்தது. போ என்று விட்டுவிட்டேன். அவள் தம்பி காட்டில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டு மாதத்தில் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் மொழிபெயர்த்தார். மேசைமேல் அந்தப் புட்டி. காட்டு முகாமில் எடுத்தார்களாம், உள்ளே அயோடின் இருந்ததாம். நீ புட்டி சேர்க்கிறவளாமே, இது யாருடையது என்று கேட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தேன். அடிவிளிம்பில் மூன்று கோடு.

"மஸ்தான் பாய் கடைப் புட்டிங்க சார்" என்றேன்.

ஒரே வாக்கியம். அதில் பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். கலாவதி பெயரைச் சொன்னால் வயிற்றுப் பிள்ளையோடு அவள் போவாள். அவளுக்குப் புட்டி கொடுத்தது யார், கேட்டில் விட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். பாய் கடைக்காரர், நாலு பேர் அறிந்தவர். பள்ளிவாசல் ஆட்கள் போய்ப் பேசி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்புதான்.

அந்த வாரமே அவரைப் பிடித்துக் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மகள் நஜீபா என் லயத்துக்கு வந்தாள். பத்தொன்பது வயது. கையில் பிஸ்கட் டின், அதற்குள் துணி சுற்றிய அந்த 83 புட்டி. வீட்டில் வைத்திருந்ததால் தப்பியிருக்கிறது.

"வாப்பாவப் போய்ப் பாத்தேன். காட்டுல எடுத்த அத்தர்ப் புட்டிய அவங்ககிட்டயும் காட்டினாங்களாம். யாருக்கு வித்தேன்னு மறந்துபோச்சுன்னுட்டாங்க."

"பாயா? மறந்துட்டாரா?"

"வாப்பா எதையாவது மறந்து நீங்க பாத்திருக்கீங்களாக்கா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். "கோடு அடிவிளிம்புலயாம். பொம்பளப் புள்ள பேர நான் சொல்லக் கூடாது, அவங்களே வந்து சொல்லுவாங்கன்னாங்க. வீட்டையும் சோதன போடுவாங்களாம். அதான் இத உங்ககிட்ட அமானிதமா வைக்கச் சொன்னாங்க. வெளிய வந்ததும் வாங்கிக்குவாங்களாம். இத ஒடையாம வச்சிருக்க ஒங்களத் தவிர ஆள் இல்லையாம்."

அமானிதம் என்றால் அவர்களிடத்தில் வெறும் அடைக்கலப் பொருள் இல்லை. கேட்கும்போது அப்படியே திருப்பித் தர வேண்டியது. தராமல் செத்தால் அங்கே போயும் பதில் சொல்ல வேண்டியது. பாயே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் ஜவ்வாது வாசம்.

அவள் கேட்டைத் தாண்டியதும் மூடியை எடுத்துப் புட்டியில் வைத்தேன். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. பத்து வருஷம் பிரிந்திருந்த இரண்டும் ஒரு மயிரிழை ஆடவில்லை. வியாழக்கிழமை முழங்கால் வீங்கியிருந்தது. போகவில்லை. அடுத்த வியாழன் வீக்கம் வடிந்திருந்தது. அன்றும் போகவில்லை.

ஒரே வாக்கியம் என்று சொன்னேன் அல்லவா. அது சரியில்லை. அன்று ஆபீசில் இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் கேட்டார். சம்பளத்தன்று அவன் தோட்டத்தில் எங்கே போவான் என்று. "பின்பக்கம் ரப்பர்க் காட்டுக்குள்ளதான் போவாருங்க சார், பெட்டியோட" என்றேன். பாய் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததே இல்லை. அட்டைக்குப் பயந்தவர். லயத்து வாசலில் நின்றே விற்றுவிட்டுப் போவார். கிராணிக்கும் அது தெரியும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தார்.

அப்போது மூடி என் மடியில்தான் இருந்தது. கடையில் இருப்பதெல்லாம் ஏலத்துக்கு வரும், புட்டியும் வரும் என்று அதற்குள் நினைத்து முடித்திருந்தேன். ஏலம் வேண்டியிருக்கவில்லை. புட்டி தானாகவே வந்தது.

பாய் பதினோரு மாதம் தடுப்பு முகாமில் இருந்தார். இந்தியாவுக்குக் கப்பலேற்ற நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் வயிற்றுப்போக்கில் போய்விட்டார். கடைசிவரை அந்த மூன்று கோடு யாருடையது என்று சொல்லவில்லையாம். அது அவராக எடுத்த முடிவு. நான் கேட்டுக்கொள்ளவில்லை. கலாவதிக்குப் பெண் பிறந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதையும் கணக்கில் வைத்துப் பாருங்கள். துப்புக்கென்று பரிசுப் பணம் கொடுத்தார்கள், நான் தொடவில்லை. ஆசைப்பட்டுச் செய்தவள் தொட்டிருப்பாள்.

நஜீபா ஜெராமில் மீன் வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை, வாப்பாவின் அமானிதத்தை மட்டும் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றில்லை. தேய்த்த மூடி வருஷக் கணக்கில் கிடந்தால் இறுகிவிடும். வெந்நீரில் வைத்துப் பார்த்தேன், தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. இப்படியே கொடுத்தால் என் மூடியும் போய்விடும்.

ஆகவே விலை பேசாதீர்கள். புட்டி என்னுடையதில்லை. மூடி கழன்றுவரும் அன்று நானே ஜெராமுக்குப் பஸ் ஏறுவேன். மஸ்தான் பாய் குடும்பத்துக்கு என் கடன் ஒரே ஒரு புட்டி. மூடி இல்லாமல்.